ஆறுதல் வார்டுச் செங்கல்

“முதல் கேள்வி. கால் முறிவதற்கு முந்தைய முப்பது நாட்களில் நோயாளி வீட்டுக்கு வெளியே தனியாக நடந்து சென்றாரா?”

“வெளியவா? எங்க அக்காவா? நல்லாக் கேட்டிய போங்க,” என்றார் சொரிமுத்து. “வாசப்படி தாண்ட விடமாட்டோம். வேணுங்கிறது எல்லாம் இருந்த எடத்துக்கு வந்துரும்.”

“ஆம் அல்லது இல்லை என்று பதில் கூறவும்.”

“இல்ல.”

“நன்றி.”

கேட்டதும் நன்றி சொன்னதும் ஜெபமணியின் கையிலிருந்த டேப், ஒரு ஸ்லேட் அளவுத் தொடுதிரை. அதற்கு மேலிடத்தில் வைத்த பெயர் ஓராண்டு உயிர்க் கணிப்பு. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதல் கூட்டுகிறவர் வரை எல்லோரும் அதைக் குறிசொல்லி என்றுதான் சொல்வார்கள். பெண் குரல். செய்தி வாசிக்கிற தமிழ். எலும்பு முறிவுப் பிரிவில் பதினாறு வருடமாக நர்ஸாக இருக்கும் ஜெபமணி, கடைசி மூன்று வருடமாக அதைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கிறாள்.

“இரண்டாம் கேள்வி. ஐந்து கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருளைத் தூக்கினாரா?”

“ஒரு செம்புத் தண்ணி தூக்க விடமாட்டோமே. அதுக்கெல்லாம் வீட்டுல ரெண்டு ஆளு போட்டிருக்கோம்.”

அவர் மனைவி பகவதி சட்டென்று தலையை நிமிர்த்தினாள். புருஷனைப் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

“மூன்றாம் கேள்வி. மாடிப்படி ஏறி இறங்கினாரா?”

சொரிமுத்து இதற்குக் கொஞ்சம் திணறினார். பக்கத்தில் நின்ற செண்பகவல்லியம்மாளை ஓரக்கண்ணால் பார்த்தார். ஆவணியில் அவருக்குச் சம்பந்தியாகப் போகிற அம்மாள். விஷயம் கேள்விப்பட்டு ஆரஞ்சுப் பழப் பையோடு முதல் பஸ்ஸில் சங்கரன்கோவிலிலிருந்து வந்திருந்தாள்.

“இல்ல. நாற்காலியிலேருந்து எந்திரிக்கும்போதுதான் வழுக்கிட்டாவ.”

“நான்காம் கேள்வி. சமையல் அல்லது வீட்டு வேலை செய்தாரா?”

“அடுப்படிப் பக்கமே வரக்கூடாதுன்னு சொல்லியாச்சு.”

“ஐந்தாம் கேள்வி. பிறர் உதவியின்றிக் குளித்தாரா?”

“எப்படி விடுவோம்? வெந்நி வெளாவி, முதுகு தேச்சு விடுறது பூரா இந்தா நிக்காள்லா, பகவதிதான். அக்காவ ராணி மாதிரி வச்சிருக்கோம் சிஸ்டர். அதையும் எழுதிக்கிடுங்க.”

“நாத்தனாள இப்படித் தாங்குத வீட்டுலேருந்து பொண்ணெடுக்கக் குடுத்து வச்சிருக்கணும்,” என்றாள் செண்பகவல்லியம்மாள்.

சொரிமுத்துவின் முகம் மலர்ந்தது. பதில்களுக்குக் கீழே அவர் விரலை வைத்தார். சாட்சிக்கு இன்னொருவர் வேண்டும் என்றது டேப். செண்பகவல்லியம்மாளே முன்வந்து தன் விரலை வைத்தாள்.

“கணிப்பு நிறைவடைந்தது. நோயாளி ஆவுடையம்மாள், வயது அறுபத்து நான்கு. வலது தொடையெலும்பின் மேல்முனை முறிவு. ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எழுபத்தொன்று. அறுவை எல்லை நாற்பது; அதற்கு மேல் அறுவை இல்லை. நோயாளி ஆறுதல் வார்டுக்கு மாற்றப்படுகிறார். நன்றி.”

வராந்தாவில் நின்ற சொரிமுத்து சிரிக்கப் பார்த்தார்.

“என்ன சிஸ்டர், காலுதான ஒடிஞ்சிருக்கு? நெஞ்சு வலியா?”

“காலு ஒடிஞ்சு யாரும் சாகிறதில்ல சார். ஒடிஞ்சு படுக்கிறாங்க பாருங்க, அந்தப் படுக்கைதான் சாகடிக்கும். நெஞ்சுல சளி கட்டும். முதுகுல புண்ணு வரும். கால்ல ரத்தம் உறைஞ்சு மேல ஏறும். அதனாலதான் ரெண்டு நாளைக்குள்ள ஆபரேஷன் பண்ணி எலும்புல கம்பி வச்சு, மூணாம் நாளே எழுப்பி நடக்க வைப்போம். ஆனா தியேட்டர் ஒண்ணு. ஒடிஞ்சு வாரவங்க நாப்பது பேரு. யாருக்குக் கம்பி வச்சா வருஷம் தாண்டுவாங்கன்னு இது சொல்லுது. முன்னால ஓடியாடிக்கிட்டு இருந்தவங்கன்னா பிழைப்பாங்க. முன்னாலயே ஒடுங்கி உக்காந்திருந்தவங்கன்னா...”

“எங்க அக்கா ஒடுங்கி உக்காந்திருந்தான்னு யாரு சொன்னா?”

“நீங்கதான சார் இப்ப சொன்னிய.”

*

ஆவுடையம்மாள் எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள். வலது கால் வெளிப்பக்கம் திரும்பி, இடது காலைவிடக் குட்டையாகத் தெரிந்தது. ஜெபமணி போர்வையைச் சரிசெய்யப் போனவள், சேலைக் கரையில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினாள்.

“இதென்ன பெரிம்மா?”

“கூழு. வத்தக்கூழு.”

“கூழா?”

“எங்க பிள்ளைக்கு ஆவணில கல்யாணம்லா. சித்திர வெயிலு போனா வராது. ரெண்டு படி அரிசிக்குக் கூழு கிண்டி வச்சிருந்தேன். அண்டாவத் தூக்கிட்டு மாடி ஏறுதேன். காலு வச்ச எடத்துல நேத்துச் சிந்துன கூழு. அம்புட்டுதான். நான் விழுந்தது கெடக்கட்டும். ரெண்டு படிக் கூழும் போச்சு பிள்ள.”

“நாற்காலியிலேருந்து விழுந்ததா உங்க தம்பி சொன்னாரே.”

“எங்க வீட்டு நாற்காலில நான் எப்ப உக்காந்தேன், விழுகதுக்கு?”

ஜெபமணி போர்வையின் அடிநுனியைத் தூக்கி அவளுடைய பாதங்களைப் பார்த்தாள். விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. கெண்டைக்கால் இரும்பாக இறுகியிருந்தது. முப்பது வயதுக்காரிக்குக்கூட இப்படிக் கால் பார்த்ததில்லை.

“தண்ணி யாரு எடுக்கா பெரிம்மா, உங்க வீட்டுல?”

“வேற யாரு எடுப்பா? தெருமுக்குக் குழாயில எட்டுக் குடம். ஏன் கேக்க?”

“வேலைக்கு ரெண்டு ஆளு இருக்காமே.”

“ரெண்டு ஆளா?” ஆவுடையம்மாள் வலியோடு சிரித்தாள். “ரெண்டு ஆளு வேலைக்கு ஒரு ஆளு இருக்கேன். அதத் திருப்பிப்போட்டுச் சொல்லிட்டான் போல.”

கல்யாணமான மூன்றாம் வருடமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தவள் அவள். அது ஆயிற்று முப்பத்தேழு வருடம்.

*

நாளைய தியேட்டர் பட்டியல் மாலை நான்கு மணிக்கு மூடிவிடும். மணி பதினொன்றரை. ஜெபமணி புருஷனையும் பெண்டாட்டியையும் மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

“சார், பதில மாத்திச் சொல்லிருங்க. எனக்குத் தெரியும், அவங்கதான் எல்லா வேலையும் செய்தாங்கன்னு. உள்ளது உள்ளபடி சொன்னா முப்பதுக்குக் கீழ வந்துருவாங்க. நாளைக்கே கம்பி வச்சிரலாம்.”

“நான் மட்டும் சொன்னாப் போதும்லா?”

“சாட்சி வச்சவங்களும் நின்னு கேட்டு, திரும்பி விரல் வைக்கணும்.”

சொரிமுத்து தூணுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். செண்பகவல்லியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து, பழப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி சிஸ்டர்? ராணி மாதிரின்னு சொன்ன வாயி இன்னும் ஈரம் காயல. அந்தம்மாவையே பக்கத்துல வச்சுக்கிட்டு, இல்லம்மா, எங்க அக்கா எட்டுக் குடம் தண்ணி எடுக்கான்னு சொல்லச் சொல்லுதியளா?”

“ஆமா சார்.”

“மூணு எடம் தட்டிப்போயி இது நாலாவது எடம். பிள்ளைக்கு இருபத்தொம்பது ஆச்சு.”

“உங்க அக்காவுக்கு இன்னும் நாலரை மணி நேரம் இருக்கு சார்.”

“நான் சொல்லட்டுமா?” என்றாள் பகவதி.

“ஏட்டி, நீ சும்மா இரு.”

“சும்மாதான் இருக்கேன். இப்ப மட்டுமா?” அவள் ஜெபமணியிடம் திரும்பினாள். “நான் சொல்லிருவேன் சிஸ்டர். சொன்னா அந்தம்மா இவுகளையா ஏசுவாவ? நாத்தனாள வேலைக்காரியா வச்சிருந்த மூதேவின்னு என்னையத்தான் ஏசுவாவ. அந்த மூதேவி மகளயா நாம எடுக்கோம்னு யோசிப்பாவ. மைனி தூக்கின குடத்துல பாதி நான் தூக்கியிருந்தா இன்னைக்கு தைரியமாச் சொல்லியிருப்பேன்.”

“இப்பச் சொல்லுங்களேன்.”

பகவதி வாயைத் திறந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

“அக்காட்டயே போயிக் கேளுங்க,” என்றார் சொரிமுத்து. “அவளே வேண்டாம்னுதான் சொல்லுவா. என் மானத்த அவ விட்டுக்குடுக்க மாட்டா.”

*

சொரிமுத்துவுக்குத் தன் அக்காவைப் பற்றித் தெரியவில்லை.

“அவன் மானத்துக்கு நான் சாகணுமா?” என்றாள் ஆவுடையம்மாள். “கொண்டா பிள்ள அத. எங்கிட்ட கேக்கச் சொல்லு. அதுக்கு விதி இருக்கா?”

“இருக்கு. நோயாளி விரும்புனா தானே பதில் சொல்லலாம்.”

“பொறவு என்ன? பிடி நேரா.”

ஜெபமணி டேப்பை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். வெளியே தனியாக நடந்தீர்களா என்று குரல் கேட்டது.

“நடந்தேனாவா? விடிய முன்னால எந்திரிச்சு வாசத் தெளிச்சிட்டு, தெருமுக்குக் குழாய்க்கு எட்டு நடை. பொறவு ரேசன் கடை. பொறவு அரவ மில்லு. வெள்ளிக்கிழமைன்னா சந்தை. வெயிலுக்கு முன்ன போயி, தலைச்சுமையா கொண்டாருவேன்.”

“ஆம் அல்லது இல்லை என்று...”

“ஆமாங்கேன்! கேளு மேல.”

“ஐந்து கிலோவுக்கு மேல் எடையுள்ள...”

“குடமே பதினஞ்சு கிலோ இருக்கும். கூழு அண்டா இருபது. போன மாசம் சிலிண்டர் வந்தப்போ அந்தப் பையன் வாசல்ல வச்சிட்டுப் போயிட்டான், உள்ள உருட்டிட்டுப் போனது யாரு, உங்கப்பனா? ஆமா.”

ஜெபமணி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். மாடிப்படி? ஆமா, ஒரு நாளைக்கு ஆறு தடவை. சமையல்? ஆமா, அஞ்சு பேருக்கு மூணு வேளை, விருந்தாள் வந்தா தனி. குளியல்?

“என் முதுகுக்கு என் கை எட்டுத வரைக்கும் நாந்தான் தேச்சுக்கிட்டேன். எட்டாத எடத்துல முப்பத்தேழு வருஷத்து அழுக்கு அப்படியே இருக்கும். வேணும்னா பாத்துக்கோ.”

“நன்றி. சற்றுக் காத்திருக்கவும்.”

திரையில் வட்டம் சுற்றியது. ஆவுடையம்மாள் கண்ணை மூடவில்லை. ஜெபமணியின் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“நோயாளியின் ஐந்து பதில்களும், சாட்சியுடன் உறுதிசெய்யப்பட்ட குடும்பத்தாரின் பதில்களுக்கு முற்றிலும் முரணாக உள்ளன. நோயாளி உரத்த குரலில், கேட்கப்படாத விவரங்களைக் கூறுகிறார். இது முறிவுக்குப் பின் முதியோருக்கு ஏற்படும் மனக்குழப்பத்தின் அறிகுறி. மனக்குழப்பம் இறப்பு வாய்ப்பை உயர்த்தும். திருத்திய கணிப்பு, நூற்றுக்கு எண்பத்து நான்கு. நன்றி.”

“என்ன சொல்லுது?”

ஜெபமணி டேப்பைத் தாழ்த்தினாள்.

“சொல்லு பிள்ள. நான் சொன்னத நம்பலையா?”

“நீங்க... குழம்பிப் போயிப் பேசுறியளாம்.”

ஆவுடையம்மாள் டேப்பை எட்டிப் பார்த்தாள்.

“எம்புட்டுப் போட்டிருக்கு?”

“நூத்துக்கு எம்பத்தி நாலு.”

“பள்ளிக்கூடத்துல ஒருநாளும் இம்புட்டு வாங்கினதில்ல,” என்றாள்.

*

டாக்டர் தெய்வசிகாமணி கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“எனக்கு மட்டும் தெரியாதா ஜெபமணி? அந்தக் காலைப் பாத்தேன். ஆனா நாப்பதுக்கு மேல இருக்கிற பேரை நான் எழுதினா தியேட்டர் கதவே திறக்காது. பூட்டு இப்ப அதுகிட்டதான் இருக்கு. குடும்பத்தை மாத்திச் சொல்லச் சொல்லுங்க. வேற வழி கிடையாது.”

மூன்றேகாலுக்கு ஜெபமணி கடைசியாகப் போய் நின்றது செண்பகவல்லியம்மாள் முன்னால். அந்த அம்மாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சுளையை நீட்டினாள். ஜெபமணி வாங்கவில்லை.

“அம்மா, நான் சொல்லக்கூடாது. ஆனாலும் சொல்லுதேன். அவங்க அக்கா உக்காந்து சாப்பிட்டவங்க இல்ல. அந்த வீட்டு வேலை பூரா...”

“தெரியும்.”

“தெரியுமா?”

“பொண்ணு பாக்கப் போனப்பவே பாத்தேனே. காப்பி கொண்டாந்து வச்ச அந்த அக்கா கைய. அந்தக் கை உக்காந்து சாப்பிடுத கையா?”

“அப்ப ஏன் சாட்சி வச்சிய?”

“அண்ணாச்சி எனக்கு முன்னால அப்படி அடிச்சுச் சொல்லுதாரு. நான் போயி, இல்ல அண்ணாச்சி, பொய் சொல்லுதியன்னா நல்லாவா இருக்கும்? நாளைக்கு ஒரு பந்தியில உக்காந்து சாப்பிட வேண்டியவங்க. மரியாதைன்னு ஒண்ணு இருக்கே.”

“இப்ப நீங்க கூப்பிட்டு, எனக்குத் தெரியும் அண்ணாச்சி, பரவால்ல, மாத்திச் சொல்லுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. அவரு சொல்லிருவாரு.”

“சொல்லிருவாரு. அதுக்கப்புறம் ஆயுசுக்கும் என் முகத்தப் பாக்க மாட்டாரு. எந்த மனுசன் தான் பொய் சொன்னதக் கண்டுபிடிச்சவ வீட்டுக்குப் பொண்ணக் குடுப்பான்?” அவள் ஒரு சுளையை வாயில் போட்டு விதையை உள்ளங்கையில் துப்பினாள். “எங்க வீட்டுலயும் ஒரு சித்தி இருக்கா. நாங்களும் வெளிய ராணின்னுதான் சொல்லுவோம். எல்லா வீட்டுலயும் அப்படித்தான சொல்லுதாவ.”

செண்பகவல்லியம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

“ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லு தாயி. கல்யாணம் ஆவணியில இருக்கு. இடையில ஒரு சாவு விழுந்தா வருஷம் கழிச்சுத்தான் வைக்கணும்பாவ. இப்ப அந்த மிஷினு எத்தன நாளு தாங்கும்னு சொல்லுமா?”

அவள் கேட்டதற்கு டேப்பே பதில் சொன்னது. அதை யாரும் அணைத்து வைத்திருக்கவில்லை.

“முதல் முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இருபத்திரண்டு. தொண்ணூறு நாட்களுக்குள் ஐம்பத்தாறு. நன்றி.”

“அப்ப முப்பதுக்குள்ள ஒரு முகூர்த்தம் பாக்கச் சொல்லணும்,” என்றாள் செண்பகவல்லியம்மாள். எழுந்து, சம்பந்தியைத் தேடிப் போனாள். தூணுக்கு அந்தப் பக்கம் இருவரும் பேசுவது தெரிந்தது. சொரிமுத்து கும்பிடுகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

நான்கு மணிக்குப் பட்டியல் மூடியது.

*

ஆறுதல் வார்டில் சுத்தமான படுக்கை உண்டு. வலி மருந்து உண்டு. சுவரில் நீல வண்ணத்தில் ஒரு கடல் உண்டு. இரண்டு வாரம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கணிப்பு பெரும்பாலும் தப்பாது. கம்பி வைக்காமல் அனுப்பினால் எப்படித் தப்பும் என்று ஜெபமணி ஒருமுறை பயிற்சிக் கூட்டத்தில் கேட்டாள். நல்ல கேள்வி, குறித்துக்கொள்கிறோம் என்றார்கள்.

மறுநாள் காலை அவள் நான்கு செங்கல்லோடு வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இடிந்த மதில் சுவரிலிருந்து பொறுக்கியது.

“இது என்னத்துக்கு பிள்ள? சமாதி கட்டவா?”

“காலுல கட்ட. கம்பி வாரதுக்கு முன்னால எல்லாருக்கும் இதான் பெரிம்மா வைத்தியம். பாதத்துல பட்டி போட்டு, கட்டில் கம்பி வழியா கயிறு விட்டு, செங்கலத் தொங்கவிட்டா காலு இழுபட்டு நிக்கும். எலும்பு ஒண்ணோடொண்ணு சேரும். கோணலாத்தான் சேரும். ரெண்டு மாசத்துக்குமேல ஆகும். வீட்டுக்கு அனுப்புனா அங்க வந்து கட்டிவிடுதேன்.”

“சேருமா?”

“எலும்பு சேரும். அதுக்குள்ள படுக்கை உங்களக் கொல்லப் பாக்கும். அதுக்கு நீங்க இடங்குடுக்கக் கூடாது. ஒரு மணிக்கொருதரம் இந்தக் கயிற்றைப் பிடிச்சு இடுப்பத் தூக்கணும். நெஞ்சுல சளி கட்டாம பலூன் ஊதணும். நல்ல காலை மடக்கி நீட்டிக்கிட்டே இருக்கணும். முட்டை, பருப்பு, எது குடுத்தாலும் திங்கணும். குடுக்கலன்னா கேட்டு வாங்கணும்.”

“கேட்டு வாங்கிப் பழக்கமில்லையே.”

“பழகுங்க.”

“இந்த வார்டுல எல்லாருக்கும் இதத்தான் சொல்லுதியா?”

ஜெபமணி வார்டைத் திரும்பிப் பார்த்தாள். பன்னிரண்டு கட்டில். ஒன்பது கட்டிலின் காலடியில் செங்கல் தொங்கிக்கொண்டிருந்தது.

“மேலேருந்து பாக்க வாரன்னைக்கு மட்டும் அவுத்து ஒளிச்சு வச்சிருவேன்.”

“அந்தப் பொம்பளைக்குத் தெரியாதா? குறிசொல்லிக்கு?”

“செங்கலப் பத்தி அதுக்கு யாரும் சொல்லிக்குடுக்கல.”

ஆவுடையம்மாள் கயிற்றைப் பிடித்து இடுப்பைத் தூக்கினாள். வலியில் கண் இருண்டது. மெல்ல இறக்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி சொன்னாள்.

“என்னையப் பாத்து குழம்பிப் போயிட்டான்னுது பாரு. வருஷம் முடியுத அன்னைக்கு அத எடுத்துட்டு எங்க வீட்டுக்கு வா. நேருக்கு நேரா பேசிக்கிடுதேன்.”

வைகாசி இருபதாம் தேதி கல்யாணம் நடந்தது. மணமகளின் அத்தை எங்கே என்று கேட்டவர்களிடம், உடம்புக்கு முடியவில்லை, வீட்டில் ஆள் போட்டுப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொரிமுத்து சொன்னார். பந்தியில் கடையில் வாங்கிய வத்தல் பொரித்துப் போட்டார்கள்.

*

ஓராண்டு முடிந்தால் நோயாளி வீட்டுக்குப் போய் டேப்பில் ‘உயிருடன்’, ‘இறப்பு’ என்ற இரண்டில் ஒன்றைத் தொட வேண்டும். அது நர்ஸின் வேலை. அடுத்த சித்திரையில் ஒரு புதன்கிழமை மத்தியானம் ஜெபமணி கிளம்பினாள்.

கிளம்பும்போது எலும்புப் பிரிவில் முத்துப்பேச்சி என்றொரு பீடி சுற்றுகிறவள் நாளைய பட்டியலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தது. மகள் ஒரு பொய் சொல்லாமல் பதில் சொல்லியிருந்தாள். முப்பத்தேழு வந்தது. “தப்பிச்சிட்டியம்மா,” என்று அவள் தோளைத் தட்டிவிட்டுத்தான் ஜெபமணி பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்தது பகவதி. ஒரு வருடத்தில் பத்து வயது கூடியிருந்தது. இடுப்பில் குடம்.

“மைனி உள்ள இருக்காவ. வாங்க.”

ஆவுடையம்மாள் அடுக்களையில் தரையில் இருந்தாள். நான்கு சின்னச் சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, ஒரு முறம் நிறைய வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வலது கால் நாலு விரற்கடை குட்டையாகி, பாதம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

“வந்துட்டியா! நாள எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். பாரு.” பலகையைத் தரையில் கையால் உந்தி, அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவே ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றாள். “குடம் மட்டும்தான் தூக்க முடியல. அத இவ தூக்குதா. மத்ததெல்லாம் உக்காந்துக்கிட்டே ஆவுது.”

“பெரிம்மா, இப்பவாவது...”

“சும்மா கெடந்தா செத்துருவேன்னு நீதான சொன்ன?”

முன்னறையிலிருந்து சொரிமுத்து எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

“சிஸ்டரா? பாத்தியளா, அக்காவ எப்படி வச்சிருக்கோம்னு. உக்காந்த எடத்துல ராணி மாதிரி.”

“கேட்டியா பிள்ள?” என்றாள் ஆவுடையம்மாள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “இந்தத் தடவ பாதி நெசம். உக்காந்திருக்கேன்.”

ஜெபமணி சிரித்தாள். டேப்பை எடுத்தாள். ஆவுடையம்மாள், வயது அறுபத்தைந்து. நூற்றுக்கு எண்பத்து நான்கு. அறுவை செய்யப்படவில்லை. அவள் ‘உயிருடன்’ என்பதைத் தொட்டாள். அழுத்தித்தான் தொட்டாள்.

வட்டம் சுற்றியது. வழக்கமாக இந்த இடத்தில் நன்றி மட்டும்தான் வரும். இன்று குரல் தொடர்ந்தது. ஜெபமணி ஒலியைக் குறைத்து, டேப்பைக் காதருகே வைத்துக்கொண்டாள்.

“இம்மருத்துவமனையில் எல்லையைத் தாண்டி, அறுவையின்றி ஓராண்டு உயிர் பிழைத்தோர் எண்ணிக்கை இத்துடன் அறுபது. எதிர்பார்க்கப்பட்டது பதினேழு. கணிப்பு திருத்தப்படுகிறது. அறுவையின்மை முன்பு கருதிய அளவுக்கு ஆபத்தானது அல்ல. ஆகவே அறுவை எல்லை நாற்பதிலிருந்து முப்பதாகக் குறைக்கப்படுகிறது. இன்று மாலைப் பட்டியல் முதல் நடைமுறைக்கு வரும். துல்லியமான பதிவுக்கு நன்றி.”

அறுபது பேர். ஜெபமணிக்கு ஒவ்வொரு முகமும் தெரியும். ஒவ்வொரு காலிலும் கயிற்றை முடிச்சுப் போட்டது அவள் கை.

“என்னவாம்?” என்றாள் ஆவுடையம்மாள். “என்ன சொல்லுதா உங்க பொம்பள?”

ஜெபமணி டேப்பைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

“தோத்துட்டேன்னு சொல்லுதா பெரிம்மா.”

“சொல்லுவா. சொல்லித்தான் ஆகணும்.” ஆவுடையம்மாள் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள். வெங்காயத்தாலோ எதனாலோ கண்ணில் நீர் கொட்டியது. “அடுத்த வருஷமும் இருப்பேன்னு சொல்லி வை அவட்ட.”

நான்கு மணி தாண்டி, கிளம்ப எழுந்தபோது கைப்பையில் போன் அடித்தது. ஆறுதல் வார்டிலிருந்து இளைய நர்ஸ் ஸ்டெல்லா. ஜெபமணி வாசலுக்கு வந்து எடுத்தாள்.

“அக்கா, அந்தப் பீடிக்காரம்மா முத்துப்பேச்சி இருக்காவள்லா? நாளைக்குத் தியேட்டர்னு சொன்னிய. இப்பக் கொண்டாந்து நம்ம வார்டுல போட்டிருக்காவ. முப்பத்தேழு தான அக்கா? மக கிடந்து கத்துதா. என்ன சொல்லட்டும்?”

ஜெபமணி கையோடு கொண்டுவந்த டேப்பைத் திருப்பினாள்; அறுவை எல்லை முப்பது என்றிருந்தது.

“அக்கா? கேக்குதா? கயிறு மாட்டிட்டேன். செங்கல் நாலு இருக்கு. கட்டிரவா?”

தெருமுக்குக் குழாயிலிருந்து பகவதி அடுத்த குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். உள்ளே பலகையின் சக்கரம் தரையில் உருளும் சத்தம் கேட்டது.

“அக்கா, கட்டவா வேண்டாமா? சொல்லுங்க அக்கா.”